இரயில்வே கேட்டும் கணிப்பொறிச் சோதனையும்



இரயில் பாதையைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், கடைத்தெருவுக்குப் போகும் தாய்மாரும் தோட்டப்புறங்களில் உண்டு. கேட் இறங்கியிருந்தால் நிற்கிறோம், ஏறியிருந்தால் போகிறோம். கேட்டை ஒரு மனிதர் இயக்கியபோது நம் நம்பிக்கை அவர்மீது இருந்தது. அவர் பாதையின் இரு பக்கமும் எட்டிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் கேட்டைத் தூக்கமாட்டார். அதே வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தால், அது எட்டிப் பார்க்காது. எழுதிக் கொடுத்த விதிகள் எவையோ அவற்றையே செய்யும். விதியில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையையும் தவறாமல் செய்யும்.

அப்படிப்பட்ட ஓட்டையை, எவர் உயிருக்கும் தீங்கு நேருமுன், விதி தாளில் இருக்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்கிறது கணிப்பொறி இயலில் வளர்ந்துள்ள ஒரு கலை. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இன்று காண்போம்.

முதலில் நாமே ஒரு கேட்டுக்கு விதி எழுதுவோம். விதிகள் இரண்டுதாம். ஒன்று: தூரத்தில் தண்டவாளத்தில் பதித்த உணர்கருவியை வண்டி தாண்டினால், கேட்டை இறக்கு. இரண்டு: வண்டி கேட்டைக் கடந்து போய்விட்டால், கேட்டை ஏற்று. உணர்கருவி போதிய தூரத்தில் இருக்கிறது. ஆகையால் வண்டி வந்து சேருமுன் கேட் முழுவதும் இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். இந்த விதிகளில் எவரும் குறை காணமாட்டார். ஒரு வண்டியை ஓட்டிச் சோதித்தால் சரியாக இருக்கும். நூறு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாலும் சரியாகவே இருக்கும்.

இப்போது பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போடுகிறார்கள். ஒன்றில் வடக்கே போகும் வண்டி, மற்றதில் தெற்கே போகும் வண்டி. வடக்கு வண்டி நெருங்குகிறது. கேட் இறங்கத் தொடங்குகிறது. கேட் முழுவதும் இறங்குகிறது. வடக்கு வண்டி கேட்டடிக்கு வருகிறது. அந்நேரம் பார்த்துத் தெற்கு வண்டி தன் உணர்கருவியைத் தாண்டுகிறது. கேட் ஏற்கெனவே இறங்கியிருப்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வடக்கு வண்டி கடந்து போகிறது; இரண்டாம் விதிப்படி கேட் ஏறத் தொடங்குகிறது. காத்திருந்த மோட்டார் சைக்கிள் புறப்படுகிறது. தெற்கு வண்டியும் கேட்டடிக்கு வந்துவிடுகிறது.

ஆறே படிகள். விதி எதுவும் மீறப்படவில்லை. கணிப்பொறி பழுதாகவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது.

சோதனை ஓட்டம் விட்டால் இது தெரிந்திருக்காதா என்று நேயர்கள் கேட்கலாம். இரு வண்டிகளையும் இதே இடைவெளியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருந்தால் தெரிந்திருக்கும். தோன்றாவிட்டால் தெரியாது. சோதனை என்பது நாம் சோதித்த சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே சாட்சி சொல்லும்.

இதற்கு உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1994ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குப் பிழையாக வருவது வெளியாயிற்று. அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி தம் ஆராய்ச்சிக் கணக்கு ஒத்து வராததைக் கண்டு, காரணத்தைத் தேடிப் போய் இதைக் கண்டார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும். அந்தச் சில்லு 1.33374 என்று சொல்லிற்று. வகுத்தலுக்கு உதவும் உள் அட்டவணையில் சில எண்கள் விடுபட்டுப் போனதே காரணம். குறையுள்ள சில்லுகளை மாற்றித் தர அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் அமெரிக்க டாலர்.

நம் நாட்டில் இதை இன்னும் கூர்ந்து கவனிக்கக் காரணம் இருக்கிறது. இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972இல். அதன்பின் எத்தனையோ எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் பலர் லயத்து வாசலில் தொழிற்சாலைப் பேருந்து ஏறி அவற்றில் வேலைக்குப் போனார்கள்; சில்லுகளைக் கோத்தார்கள், ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது? கையில் உள்ள சில்லு, வரைந்து கொடுத்த திட்டத்தின்படி இருக்கிறதா என்று பார்க்கிறது. திட்டமே பிழை என்றால், எந்த ஊரில் எவர் கோத்தாலும் ஒவ்வொரு சில்லும் அதே பிழையோடுதான் வெளிவரும். ஒவ்வொன்றும் சோதனையில் தேறும். ஆகவே திட்டத்தையே சோதிக்க ஒரு வழி வேண்டியதாயிற்று.

அந்த வழிக்கு ‘மாதிரிச் சரிபார்ப்பு’ என்று தமிழில் பெயரிடலாம். 1981இல் அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன் ஆகிய இருவரும், அடுத்த ஆண்டு பிரான்சு நாட்டில் ஜோசப் சிஃபாக்கிஸும் அவருடன் உழைத்த ஒருவரும், ஒரு சாராரை மற்றவர் அறியாமலே இதைக் கண்டார்கள். கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய டூரிங் விருது 2007ஆம் ஆண்டுக்கு கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவருக்கும் வழங்கப்பட்டது. கிளார்க் 2020 டிசம்பரில் கோவிட் நோயால் காலமானார்.

அவர்கள் செய்தது என்ன? நம் கேட்டுக்கே வருவோம். ஒவ்வொரு வண்டியும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: தூரத்தில், நெருங்கும் இடத்தில், அல்லது கேட்டடியில். கேட் நான்கு விதமாக இருக்கலாம்: ஏறியிருக்கும், இறங்கிக்கொண்டிருக்கும், இறங்கியிருக்கும், ஏறிக்கொண்டிருக்கும். இரு வண்டிகளும் ஒரு கேட்டும் சேர்ந்தால் மூன்று பெருக்கல் மூன்று பெருக்கல் நான்கு, ஆக 36. இந்த 36இல் ஒவ்வொன்றையும் ஒரு ‘நிலை’ என்கிறோம். அமைப்பு எந்த நேரத்திலும் இவற்றுள் ஏதோ ஒன்றில்தான் இருக்க முடியும்.

தொடக்க நிலையிலிருந்து புறப்பட்டு, ஒரே படியில் போகக்கூடிய நிலைகள் எவை என்று பார்க்க வேண்டும். அவற்றிலிருந்து அடுத்த படியில் எவை என்று பார்க்க வேண்டும். புதிதாக ஒரு நிலையும் சேராத கட்டம் வரும், அங்கே நிறுத்திவிடலாம். போகக்கூடிய நிலைகளுள் தீய நிலை ஒன்றேனும் இருந்தால் விதியில் ஓட்டை. ஒன்றும் இல்லையென்றால், ஆயிரம் ஆண்டுகள் ஓடினாலும் அந்தத் தீமை நேராது. இது நூறு சோதனைகள் தரும் தைரியத்தைப் போன்றதன்று. கணித நிரூபணம்.

ஓட்டை இருந்தால் இக்கருவி ‘பிழை’ என்று சொல்லிவிட்டு நிற்பதில்லை. எந்த எந்தப் படிகளைத் தாண்டி அந்தத் தீய நிலைக்கு வரலாம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிடும். சற்றுமுன் நாம் சொன்ன ஆறு படிகளைப் போல. நோட்டுப் புத்தகம் திருத்துகிற நமக்கு இதில் தனியான மகிழ்ச்சி. விடையின்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? எந்த வரியில் வழி தவறியது என்று காட்டினால்தானே திருத்திக்கொள்ளும்.

36 நிலைகள் என்றால் பள்ளிப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். தொல்லை எங்கே வருகிறது என்றால், நிலைகள் பெருகும் வேகத்தில் வருகிறது. சில்லுக்குள் இருப்பவை எரியும் அல்லது அணையும் விளக்குகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு விளக்குக்கு இரண்டு நிலை. இரண்டு விளக்குக்கு நான்கு. பத்து விளக்குக்கு 1,024. இருபது விளக்குக்கு 1,048,576. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து நெல் கேட்ட புலவரின் கதையைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், அதே கணக்குத்தான். 67 விளக்குகள் ஆகும்போது, 1 எழுதி அதன் பக்கத்தில் 20 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணையும் தாண்டிவிடுகிறது. விநாடிக்குப் பத்து இலட்சம் நிலைகளைப் பார்க்கும் கணிப்பொறிக்கும் அவ்வளவையும் பார்த்து முடிக்க முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உண்மையான சில்லிலோ 67 விளக்குகளோடு நிற்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு நிலையாக எண்ணும் வழி பெரிய அமைப்புகளுக்கு உதவவில்லை. இந்த முட்டுக்கட்டையை நீக்கியதுதான் ‘குறியீட்டு முறை’.

காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது மண்டோர் எப்படி வேலை சொல்கிறார்? “ஒன்றாம் நிரை, மூன்றாம் நிரை, ஐந்தாம் நிரை” என்று நானூறு வரை ஒப்பிக்கிறாரா? “ஒற்றை எண் நிரைக்கெல்லாம் இன்றைக்கு உரம்” என்கிறார். அவ்வளவுதான். இருநூறு நிரைகள் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. நானூறு நாலாயிரம் ஆனாலும் அவர் சொல்லும் வாக்கியம் நீளாது. கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி அழைக்காமல், கூட்டத்துக்குப் பொதுவான அடையாளத்தைச் சொல்வதே குறியீட்டு முறையின் உயிர்.

நம் கேட்டிலும் அப்படித்தான். 36இல் தீய நிலைகள் எத்தனை என்று எண்ணினால் 15 வரும். 15ஐயும் எழுத வேண்டியதில்லை. “ஏதேனும் ஒரு வண்டி கேட்டடியில் இருக்கிறது, கேட் முழுவதும் இறங்கியிருக்கவில்லை” என்றால் போதும். இருபது விளக்குகளில் கடைசி விளக்கு எரியும் நிலைகள் 524,288. “கடைசி விளக்கு எரிகிறது” என்னும் சிறு வாக்கியத்துக்குள் அத்தனையும் அடக்கம்.

மனிதருக்கு வாக்கியம் போதும். கணிப்பொறிக்கு அதை ஒரு படமாகக் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தைச் செம்மைப்படுத்தியவர் ராண்டல் பிரயண்ட், ஆண்டு 1986. ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளால் ஆன ஒரு கிளைப்படம் அது. முதல் விளக்கு எரிகிறதா? ஆம் என்றால் இந்தக் கிளை, இல்லை என்றால் அந்தக் கிளை. பிறகு இரண்டாம் விளக்கு. இப்படிப் போய்க் கடைசியில் ‘கூட்டத்தில் உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று முடியும். இப்படியே விட்டால் மரம் பெருத்துவிடும். அதைச் சிறுக்க வைக்க இரண்டு விதிகள். ஒரே மாதிரியான இரு கிளைகளை இரு முறை வரையாமல் ஒன்றாகச் சேர்த்துவிடு. எப்பக்கம் போனாலும் விடை மாறாத கேள்வியை அடித்துவிடு. இவ்வாறு செய்தால் மேற்சொன்ன ஐந்து இலட்சம் நிலைகளின் படத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு கேள்வி. கேள்விகளின் வரிசையை மாற்றாமல் வைத்திருந்தால், ஒரு கூட்டத்துக்கு ஒரே படம்தான் வரும். இரண்டு கூட்டங்கள் ஒன்றுதானா என்பதைக் கணிப்பொறி நொடியில் சொல்லிவிடும். புதிதாக நிலை ஏதும் சேரவில்லை, நிறுத்தலாம் என்று அறிவதும் இதனால் எளிதாகிறது.

கேள்விகளின் வரிசை என்றோமே, அதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஸ்டோரில் பால் நிறுத்த கணக்கைக் கிராணி ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார்; வீட்டில் நீங்களும் ஒரு தாளில் குறித்திருக்கிறீர்கள். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் நாளுக்கு அவர் எண்ணை வாசிக்க, நீங்கள் உங்கள் எண்ணை வாசிக்க, இப்படி நாளுக்கு நாள் போனால், “இதுவரை சரி” என்பதைத் தவிர மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுமில்லை. மாறாக, அவர் 26 நாள் எண்களையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்த பிறகுதான் நீங்கள் தொடங்கலாம் என்றால்? 26 எண்களையும் மனத்தில் சுமக்க வேண்டும். கணிப்பொறிக்கும் இதே கதி. இருபது இணை விளக்குகளில் இணைக்கு இணை ஒத்திருக்கிறதா என்று கேட்கும் படத்துக்கு, இணை இணையாகக் கேட்டால் 60 கேள்விகள் போதும். ஒரு பக்கத்து இருபதையும் முதலில் கேட்டு, மறுபக்கத்தைப் பிறகு கேட்டால் 31 இலட்சத்துக்கு மேல் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கிளார்க்கிடம் படித்துக்கொண்டிருந்த கென் மெக்மில்லன், 1987இல் பிரயண்டின் படங்களை மாதிரிச் சரிபார்ப்போடு இணைக்கலாம் என்று கண்டார். தொடக்க நிலைகள் ஒரு படம். விதிகள் ஒரு படம். இப்போதைய விளக்கையும் அடுத்த கணத்து விளக்கையும் இணையாக வைத்து வரைந்தது. இரண்டையும் சேர்த்தால், அடுத்த படியில் அடையும் நிலைகள் எல்லாம் கோடியாக இருந்தாலும் ஒரே வீச்சில் ஒரு படமாக வந்துவிடுகின்றன. 1990இல் அவரும் கிளார்க்கும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அந்த ‘1க்குப் பின் 20 சுழியங்கள்’ இடம்பெற்றது. அத்தனை நிலைகளையும் அதற்கு மேலும் பார்க்கலாம் என்பது அதன் செய்தி. மெக்மில்லன் ஆக்கிய கருவிக்கு எஸ்.எம்.வி. என்று பெயர்.

கருவி பயன்படுமா என்பது 1992இல் தெரிந்தது. ஒரே கணிப்பொறிக்குள் பல செயலிகள் இருந்தால், ஒவ்வொன்றும் பொது நினைவகத்திலிருந்து தனக்கு வேண்டியதைப் பிரதி எடுத்து அருகில் வைத்துக்கொள்ளும். ஆபீஸில் ஒரு செக்ரோல். ஒவ்வொரு மண்டோரிடமும் அதன் ஒரு பக்கத்தின் நகல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் தம் நகலில் ஒரு பெயரைத் திருத்தினால் மற்ற நகல்கள் பொய்யாகிவிடும். யார் எப்போது யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு நெறி வேண்டும். ‘ஃபியூச்சர்பஸ் பிளஸ்’ என்ற பெயரில் அப்படி ஒரு நெறியை மின்பொறியாளர்களின் அனைத்துலகச் சங்கம் 1991இல் தர நிர்ணயமாக வெளியிட்டிருந்தது. அதைக் கிளார்க்கும் மாணவர்களும் எஸ்.எம்.வி.யிடம் கொடுத்தார்கள். வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் படித்துப் படித்துப் பார்த்த நெறியில், எவர் கண்ணிலும் படாதிருந்த பிழைகள் வெளிவந்தன.

இதற்குப் பிறகு கருவிகள் பெருகின. இத்தாலியின் திரெந்தோ நகரத்து ஆய்வாளர்களும் கார்னகி மெல்லனாரும் பிறரும் சேர்ந்து நியூ எஸ்.எம்.வி. என்ற கருவியை ஆக்கினர். அதன் இரண்டாம் பதிப்பை எவரும் இலவசமாகப் பெறலாம். 1999இல் வேறொரு வழியும் பிறந்தது: எல்லாப் படிகளையும் பார்க்காமல், “இத்தனை படிகளுக்குள் பிழை நேருமா?” என்று கேட்டு, படியின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது. பிழையை விரைவில் பிடிக்க இது வல்லது. முடிவுப்படங்கள் எல்லாவற்றுக்கும் ஏற்றவையும் அல்ல. பெருக்கல் கணக்கைப் படமாக்கினால் வரிசையை எப்படி மாற்றினாலும் படம் பெருத்தே தீரும் என்று பிரயண்டே நிறுவியிருக்கிறார். பென்டியத்தின் வகுத்தல் போன்றவற்றை முழுதாக விழுங்க முடியாது. 1996இல் அவர் வகுத்தலின் ஒரு சுற்றை மட்டும் தனியே எடுத்துச் சோதித்துக் காட்டினார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கருவியிடம் என்ன கேள்வி கேட்பது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கேட்டின் இரண்டாம் விதியை இப்படித் திருத்துவோம்: நெருங்கும் இடத்திலும் கேட்டடியிலும் எந்த வண்டியும் இல்லையென்றால் மட்டும் கேட்டை ஏற்று. தீய நிலை இனி வராது. ஆனால் சோம்பேறி ஒருவர், “கேட்டை எப்போதும் இறக்கியே வை” என்று விதி எழுதினாலும் தீய நிலை வராதே! பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, அவ்வளவுதான். ஆகவே கேள்விகள் இரண்டு வகை வேண்டும்: தீங்கு ஒருபோதும் நேராதா? நல்லது என்றேனும் நேர்ந்தே தீருமா? ‘எப்போதும்’, ‘என்றேனும்’ என்ற சொற்களைக் கொண்ட தருக்கத்தை நிரல்களுக்குப் பயன்படுத்தலாம் என்று 1977இல் காட்டியவர் அமீர் ப்னுவேலி என்னும் இஸ்ரேலிய அறிஞர். திருத்திய விதியிடம் இரண்டாம் கேள்வியைக் கேட்டால் கருவி “இல்லை” என்றுதான் சொல்லும். வடக்கு வண்டி போகுமுன் தெற்கு வண்டி, அது போகுமுன் மறுபடி வடக்கு வண்டி என்று ஓயாது சுற்றும் ஒரு வழியைக் காட்டும். அப்போது, வண்டிகளுக்கு நடுவே என்றேனும் இடைவெளி விழும் என்பதை நாம் எழுதித் தர வேண்டும். எழுதித் தருமுன் கால அட்டவணை உண்மையாகவே அப்படி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எழுதித் தராத எதையும் கருவி அறியாது. உணர்கருவியின் கம்பியை எலி கடித்துவிடலாம் என்று மாதிரியில் எழுதவில்லையென்றால், எலி இல்லாத ஓர் உலகத்துக்குத்தான் கருவி உத்தரவாதம் தரும். மழை நீர், மின் வெட்டு, கேட்டுக்கு அடியில் குனிந்து போகும் மனிதர், இவையெல்லாம் அப்படியே. இவற்றை நினைவில் கொண்டு மாதிரியில் சேர்ப்பது, அந்தப் பாதையைக் கடந்து பழகியவர்களைக் கேட்டு வரைபவர் செய்ய வேண்டிய வேலை.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் ஒன்பது வரிசை, நான்கு பத்தி போட்டால் 36 கட்டங்கள். வரிசைக்கு இரு வண்டிகளும் இருக்கும் இடம். பத்திக்குக் கேட்டின் நிலை. தீய கட்டங்கள் 15க்கும் சிவப்புப் புள்ளி வையுங்கள். இரு வண்டிகளும் தூரத்தில், கேட் ஏறியிருக்கிறது என்ற கட்டத்துக்குப் பச்சை பூசித் தொடங்குங்கள். ஒரு படிக்கு ஒரு வண்டியோ கேட்டோ நகரலாம். வண்டி நகர்ந்ததும் விதி சொல்வதைக் கேட் அதே படியில் தொடங்கிவிடும். கேட் இறங்கிக்கொண்டிருக்கும்போது வண்டி கேட்டடிக்கு வராது. பழைய விதிப்படி போனால் ஆறாம் படியில் பச்சையும் சிவப்பும் ஒரே கட்டத்தில் சந்திக்கும். திருத்திய விதிப்படி புதுத் தாளில் போனால் பச்சை பெறுவன 13 கட்டங்கள். அவற்றில் ஒன்றிலும் சிவப்பு இருக்காது. மூன்றாம் தண்டவாளத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோர் 27 வரிசைகள் போட வேண்டும். கட்டங்கள் 108 ஆகும்.